பென்டிரைவைப் பிடித்துக்கொண்ட கம்ப்யூட்டர்

"சொருகினதைத் தொறக்கத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு தம்பி பேனர் கடை?"

சிந்தாமணி போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அது லேசான காரியம் இல்லை.

"நான் என்னக்கா பண்றது? சிஸ்டத்தை ஆன் பண்ணதுமே இந்த போட்டோ சாஃப்ட்வேர் தானா வந்து குந்திக்குது. பென்டிரைவைப் பாத்தா புடிச்சிக்குது. தொறக்கவும் வுடல, எடுக்கவும் வுடல!"

கலையரசன் மௌஸைத் தட்டினான். திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரமாக.

மறுநாள் காலை அரும்பாவூரில் சிந்தாமணி வீட்டுப் புதுமனை புகுவிழா. பத்திரிகையில் பேர் விட்டால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். பேனரில் முகம் விட்டால் பந்தியில் உட்கார மாட்டார்கள்.

அதிலும் ஆண்டிமடத்திலிருந்து சீர் கொண்டு வரப்போகிற அண்ணன் அமிர்தலிங்கம். அவர் மகள் சத்யப்பிரியாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தாள் சிந்தாமணி. நாளைக்குச் சபையில் சொல்கிறேன் என்றிருந்தார் அண்ணன்.

கூட வந்த புருஷன் சிங்காரவேலுவுக்கு மட்டும் அவசரமே இல்லை. படங்களைச் சேர்த்துப் பென்டிரைவில் ஏற்றியவர் அவர்தான்.

"வுடு சிந்தாமணி. படம் இல்லாம பேரை மட்டும் போட்டு அடிக்கச் சொல்லு. மெஷின் பண்ற கோளாறுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

அவள் முறைத்தாள். அவர் அடங்கினார்.

கடைசியில் கலையரசன் யாரிடமோ போனில் கேட்டு, கம்ப்யூட்டர் விழித்ததும் கூடவே ஓடிவருகிற புரோகிராம்களின் பட்டியலைத் தேடிப் பிடித்து, அந்தச் சாஃப்ட்வேரை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டான். பென்டிரைவ் நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது.

இருபத்து மூன்று படங்கள். ஒன்றுகூடக் கெடவில்லை. சிங்காரவேலுவின் தம்பிமார், அந்தத் தம்பிமாரின் மாமியார்கள், ஒன்றுவிட்ட அத்தையின் மருமகன் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அமிர்தலிங்கம் இல்லை.

சிந்தாமணி இரண்டு தடவை மேலும் கீழும் தள்ளச் சொல்லிப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் தெருவில் போகிற பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

சிந்தாமணி தன் போனைத் துழாவி, ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்ற அண்ணனை வெட்டி எடுக்கச் சொன்னாள். பெரிதாக்கியதில் முகம் அவித்த கிழங்காகக் குழைந்துபோனது. அதையே அடித்தார்கள்.

மறுநாள் அண்ணன் பேனரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"கம்ப்யூட்டரு புடிச்சிக்கிச்சுண்ணே. உன் படத்தைக் குடுக்கவே மாட்டேன்னுடுச்சு" என்றாள் சிந்தாமணி.

அவர் மச்சான் சிங்காரவேலுவை ஒரு பார்வை பார்த்தார். சீர்த் தட்டுகளை இறக்கி வைத்தார், சாப்பிட்டார், கிளம்பினார். சபையில் எதுவும் சொல்லவில்லை.

தையில் சத்யப்பிரியாவை ஜெயங்கொண்டத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஆவணியில் சிந்தாமணியின் மகனுக்கும் கல்யாணம் ஆனது. பெண், சிங்காரவேலுவின் கூடப்பிறந்த அக்கா மகள்.