“ஏற மாட்டேன் மேடம்”

“நான் ஏற மாட்டேன் மேடம்.”

ஆரோக்கியதாஸ் இப்படிச் சொல்வார் என்று சுபஸ்ரீ எதிர்பார்க்கவே இல்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். முந்தின நாள் அடித்த காற்றில் மரக்கிளை முறிந்து, கம்பத்து உச்சியில் வயரைத் தாங்கும் பீங்கான் உடைந்து, வயர் தொங்கிக் கிடந்தது. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. காலிக் குடங்களோடு பெண்கள் ஒரு பக்கம், கையில் செல்போனோடு இளவட்டங்கள் ஒரு பக்கம்.

சுபஸ்ரீ இந்தப் பகுதிக்கு மின்வாரிய இன்ஜினீயராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. லைன்மேன் ஆரோக்கியதாஸைப் பற்றி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ‘கல்வராயன் மலையில அவரு ஏறாத கம்பமே இல்லீங்க மேடம்.’

“லைனை ஆஃப் பண்ணியாச்சேண்ணே. அப்புறம் என்ன?”

“நம்ம ஹெல்ப்பர் வீரமணி ஏறட்டும் மேடம். நான் கீழ நின்னு பாத்துக்கறேன்.”

“உடம்புக்கு முடியலையா?”

“உடம்புக்கு இன்னா மேடம், கல்லாட்டம் இருக்குது.”

அது அவளுக்கே தெரிந்ததுதான். ஜீப்பில் ஏறினதிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர் அவர். வழியில் டீக்கடையில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தார். கோமுகி அணையைப் பார்த்ததும் பாட்டே பாடினார்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “மேல ஏற ஒரு ஆளு, அத வேடிக்க பாக்க ஒரு ஆளா? நல்லாத்தான் கீது கவருமெண்ட்டு உத்தியோகம்!”

ஒரே சிரிப்பு.

சுபஸ்ரீக்கு முகம் சுண்டிப் போனது. ‘நேற்று வந்த சின்னப் பெண் சொல்லி நான் கேட்பதா’ என்று நினைக்கிறாரோ?

“ஆரோக்கியதாஸ், இது என் ஆர்டர். ஏறுங்க.”

‘அண்ணே’ காணாமல் போயிருந்தது.

அவர் கம்பத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பார்த்தபடியே இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து வீரமணியிடம் நீட்டினார்.

“மெமோ குடுங்க மேடம், கையெழுத்து போட்டு வாங்கிக்கறேன். ஏற மட்டும் மாட்டேன்.”

வீரமணி மறுபேச்சு இல்லாமல் பெல்ட்டைக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தான். ஆரோக்கியதாஸ் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி யாருக்கோ போன் பண்ணினார். வேலை நேரத்தில் போன் வேறு!

ஆனால் வீரமணி ஏணியில் கால் வைத்ததும் ஓடி வந்துவிட்டார். இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் இறங்கி வரும்வரை பார்வையை எடுக்கவில்லை. சுற்றிலும் பேசின பேச்செல்லாம் அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

கரண்ட் வந்தது. மோட்டார் சத்தம் கேட்டதும் குடங்கள் குழாயடிக்குப் பறந்தன.

திரும்பி வரும்போது ஜீப்பில் சுபஸ்ரீதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஏன் ஏறலன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடுங்க.”

“மேடம், அவர ஒண்ணும் பண்ணிடாதீங்க…” என்று ஆரம்பித்தான் வீரமணி.

“நீ சும்மா இரு வீரமணி. நானே சொல்றேன்.” ஆரோக்கியதாஸ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “எனக்கு மனசுல ஒரு வியாதி இருக்குது மேடம். பைபோலார்னு பேரு. சில சமயம் கெணத்துல போட்ட கல்லு மாதிரி மனசு அடியில கெடக்கும். படுக்கைய வுட்டு எழுந்துக்கறதே பெரும்பாடா இருக்கும். ஆனா, தெனமும் மாத்திரை போட்டுக்கினு, நேரத்துக்குத் தூங்கிக்கினு, வருஷக்கணக்கா வேலைக்கு வந்துகினுதான் இருக்கேன். முன்ன இருந்த இன்ஜினீயருக்குத் தெரியும். நீங்க புதுசு. சொன்னா எங்க மூலையில ஒக்கார வெச்சிடுவீங்களோன்னு…”

சுபஸ்ரீ முன்சீட்டிலிருந்து அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“மனசுல லேசா மாறுதல் தெரிஞ்சாலும் கம்பத்துல கால் வெக்கறதில்ல. யாரும் போட்ட சட்டமில்ல மேடம், எனக்கு நானே போட்டுக்கினது. அன்னிக்கே டாக்டரம்மாவுக்கும் சொல்லிடுவேன். அங்க போன் பண்ணது அவங்களுக்குத்தான். சாயங்காலம் வரச் சொல்லிட்டாங்க. வூட்லயும் சொல்லிட்டேன். எங்கூட ஆஸ்பத்திரிக்கு வர எஞ்சம்சாரம் ஆனந்தமேரி கெளம்பி இருப்பா.”

“அவ்வளவு பேரு சிரிச்சாங்களே. ஒரு வார்த்தை பதில் பேசாம நின்னீங்களே!”

“கீழ நின்னா சிரிப்போட போயிடும் மேடம்.”

அத்தனை பேர் நடுவில் பெல்ட்டை அவிழ்த்துக் கொடுத்த அந்தக் கையைச் சுபஸ்ரீ அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். காய்த்துப்போன கை.

“மன்னிச்சுக்குங்கண்ணே. மனசு சோர்வா இருக்கு, மேல ஏறப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் இப்படிக் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டேன்.”

ஆரோக்கியதாஸுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சீட்டுக் கம்பியைப் பிடித்து அடக்கிக்கொண்டார்.

“சோர்வும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். இந்த வியாதிக்கு இன்னொரு பக்கம் இருக்குது. பயம் இருக்கற அன்னிக்கி, பெல்ட்ட நாலு தரம் இழுத்துப் பாத்துட்டு பதனமா ஏறிடுவேன். ஆனா இன்னிக்கி அந்தக் கம்பத்தப் பாத்ததும், ‘பெல்ட்டு எதுக்கு, ஏணி எதுக்கு, பறந்தே போயிடலாம்’னு இருந்துச்சி…”

கம்பியைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

“எனக்குப் பயமே வரல மேடம். அதான் ஏறல.”