பாஸில் இருக்கும் முகம்

ஆவடியில் ராணுவத்துக்குத் துணி தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், வேலைக்குச் சேர்ந்து நாலே நாள் ஆன காவலாளி பரந்தாமன் பாஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் நின்றவள் நீட்டிய பாஸில் இருந்தது வேறொரு பெண்ணின் படம்.

"இது யாரு பாஸு?"

"என்னுதுதான். வசந்தகுமாரி. எண்பத்தாறுல, பத்து வருசம் முன்ன எடுத்த போட்டோ." குரல் ஆம்பளைக் குரல் மாதிரி கரகரத்தது.

படத்தில் சின்ன மூக்கு, ஒடுங்கிய தாடை. இவளுக்கோ பருத்த மூக்கு, முன்தள்ளிய தாடை. விரல்கள் அவன் விரல்களைவிடத் தடிமன். புடவை கட்டிய ஆணோ? உள்ளே விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? விசிலை எடுத்து ஊதினான்.

ஓடிவந்த சூப்பர்வைசர் தாட்சாயிணி சிரித்தாள். "அட, நம்ம வசந்தகுமாரிதான்யா! பத்து வருஷமா தினம் பாக்கறேன். அப்படியேதானே இருக்கா!"

பரந்தாமன் படத்தை இன்னொரு முறை பார்த்தான். "இல்ல மேடம். சத்தியமா இது அவங்க இல்ல."

வசந்தகுமாரி சண்டைக்கு வருவாள் என்று பயந்தான். அவளோ அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இப்ப சொன்னியே, அத அப்டியே ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்து போட்டுக் குடு. நம்ம பேக்டரி டாக்டராண்ட காட்டணும். மூஞ்சி மாறிகினே போவுது, ஹார்மோன் டெஸ்ட் எடுங்கன்னு மூணு வருசமா கெஞ்சறேன். 'அப்படியேதானேம்மா இருக்கே'ன்னு தூக்க மாத்திரை குடுத்து அனுப்பிடறாரு."