ஓரகத்தியின் ஊதாப் பவளம்

ஜெனோவா மூச்சடக்கி முங்கி, தன் பவளத் தோட்டத்து நிழல்வலையைப் பரபரவென்று அறுத்தாள். பவளம் உயிரோடிருக்கும் வீட்டுக்குத்தான் இப்போதெல்லாம் மீன்பிடி உரிமை. அவள் பவளம் வெறும் பழுப்பாகக் கிடக்க, வலையே கட்டாத ஓரகத்தி சிந்தாத்திரையின் பவளம் ஊதாவாக ஜொலித்தது. “மைனி கைராசி!” என்று புருஷன் வேறு புகழ்ந்து, வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தான்.

கொதிக்கும் கடலில் வெயிலும் பட்டதும், வாரத்துக்குள் அவளுடையதும் ஊதாவாகப் பளபளத்தது. ஜெனோவா ஓரகத்தி வீட்டுக்கே ஓடினாள்.

“எக்கா, வலைய அறுத்தெறிஞ்சேன். ஒங்களயே தூக்கிச் சாப்பிட்டுட்டேன், வந்து பாருங்க!”

அழுது வீங்கிய முகத்தோடு சிந்தாத்திரை நிமிர்ந்தாள்.

“வலை வாங்க வழியில்லாமத்தான் நான் வெயில்ல விட்டேன். ஒனக்கு என்னட்டி கேடு? என்னுது இன்னைக்கு வெள்ளையாச் செத்துக் கெடக்கு. அந்த ஊதா, சூடு தாங்காம சாவுறதுக்கு முன்னால வாற நெறம்ட்டி!”