தட்டுச் சத்தம்

"எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டி எதுவும் கூடாது. மேசை வட்டமாக இருக்க வேண்டும். விரிப்பு கனமாக இருக்க வேண்டும். நடுவில் பூ ஜாடி கூடாது. தலைக்கு மேல் வெளிச்சம் பளிச்சென்று வேண்டும். பாட்டு எதுவும் ஓடக் கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது."

பாடகரின் மேனேஜர் அனுப்பிய தாளை, கேட்டரிங் அக்காவின் நாத்தனார் உரக்கப் படித்து முடித்தாள்.

"அண்ணி, இது சாப்பாட்டு லிஸ்டா, பள்ளிக்கூட ரூல்ஸா?"

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரங்கத்தின் பின்பக்கச் சமையலறை அவள் கைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வந்து போகும் கலைஞர்கள் குறிப்பேட்டில் எழுதும் நாலு நல்ல வார்த்தையில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது.

"தலைக்கனம்! சாப்பிடற இடத்துலயும் இவரு ஒருத்தர் பேசறதைத்தான் ஊரே கேக்கணுமாம்."

"வாயை மூடுடி. அவர் எப்படிப்பட்டவரா இருந்தா நமக்கென்ன? நம்ம பேர் கெடாம இருக்கணும்."

அக்கா நாலு கடை ஏறி இறங்கி, பீங்கான் தட்டும் மரக்கரண்டியும் வாடகைக்குப் பிடித்து வந்தாள்.

மதியம் ஒரு மணிக்குப் பக்கவாத்தியக்காரர்களும் ஒலி, ஒளி ஆட்களுமாகப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக வந்த பாடகர் உட்காரவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு பல்பு எரியல."

"சாப்பிட்டு முடிச்சதும் மாத்திடறேன் சார்."

"இப்பவே மாத்துங்க."

மாற்றும்வரை யாரும் கை வைக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்த சூப், அக்காவின் கண்ணெதிரே ஆறி அவலாய்ப் போனது.

அந்த நேரம் பார்த்தா நாத்தனார் பழக்கதோஷத்தில் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வரவேண்டும்? கை நழுவி அத்தனையும் தரையில் உருண்டன. பாடகருக்குப் பக்கத்திலிருந்த நரைத்தலை டிரம்ஸ்காரர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்.

"எழுதிக் கொடுத்தது எதுக்கு? படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று பாடகர் கத்தினார்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள்.

பாடகர் மேசையில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா டிரம்ஸ்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று, "அண்ணே, சோறு போடவா?" என்றாள்.

பதில் இல்லை. இன்னொரு முறை கேட்டாள். அவர் திரும்பக்கூட இல்லை. பாட்டுக்காரருக்கு ஏத்த ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டே, குனிந்து சற்று உரக்கக் கேட்டாள்.

"சோறு, அண்ணே?"

அவர் சட்டென்று திரும்பிச் சிரித்தார். "ஆறு மணிக்கும்மா. ஒத்திகை முடிஞ்சதும் ஆரம்பம்."

மேசையில் யாரோ சிரிக்க வாயைத் திறந்தார். அதற்குள் பாடகர் மேசையைத் தட்டினார்.

"நான் பேசிட்டிருக்கும்போது யாரு நடுவுல பேசறது? அக்கா, எதுவானாலும் முன்னால வந்து கேளுங்க. பின்னால நின்னு பேசறது எனக்குப் பிடிக்காது!"

பிறகு டிரம்ஸ்காரர் பக்கம் முழுசாகத் திரும்பி நிதானமாகச் சொன்னார். "அண்ணே, சோறு வேணுமான்னு கேக்கறாங்க."

டிரம்ஸ்காரர் பாடகரின் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடும்மா, நல்ல பசி."

அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வட்ட மேசை. பளிச்சென்ற வெளிச்சம். பூ ஜாடி கூடாது. அந்தத் தாள் முழுவதும் அவள் கண்முன் இன்னொரு முறை ஓடியது.

சாப்பாடு முடிந்ததும் பாடகர் தனியாகச் சமையலறைக்கு வந்தார்.

"கத்திட்டேன். மன்னிச்சிடுங்கக்கா."

"அவருக்குக் காது..."

"முப்பது வருஷமா என் பின்னால உக்காந்து வாசிக்கிறவரு. மேடையில எல்லாரையும் போல காதுல கருவி மாட்டிப்பாரு, பாட்டு கேட்டுடும். பேச்சுதான் பிடிபடல. தட்டு சத்தம் போட்டா அது மட்டும் ஊசியா குத்தும்."

"உங்க நிபந்தனையெல்லாம் அவருக்காகத்தான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியவே கூடாது. தன் காது விஷயமே யாருக்கும் தெரியலன்னுதான் நினைச்சிட்டிருக்காரு. தெரிஞ்சா, 'என்னால உங்களுக்குத் தொந்தரவு'ன்னு அன்னிக்கே பெட்டியைக் கட்டிடுவாரு. எனக்குப் புகழ் தலைக்கேறிடுச்சாம். தனியா கூப்பிட்டு அட்வைஸ் வேற பண்றாரு!"

"உங்க பேர் கெடுதே சார்?"

"கெடட்டுமே. போஸ்டர்ல பெரிசாத்தானே இருக்கு." சிரித்தார். "குறிப்பேட்டுல உங்களைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிட்டேன். பதிலுக்கு நீங்க ஒண்ணு செய்யணும். என்னைப் பத்தி யாரு கேட்டாலும் நல்லபடியா மட்டும் சொல்லிடாதீங்க."

என்ன மனுஷன் இவர்! அவர் போன திசையைப் பார்த்து அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

சிறிது நேரத்தில் டிரம்ஸ்காரர் தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி கத்தினதை மனசுல வெச்சிக்காதம்மா. தங்கமான பையன். பேரு வந்ததும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிடுச்சு. நீயே சொல்லு, அப்படித்தானே?"

அக்கா அவருக்கு நேர் எதிரே, விளக்கு வெளிச்சத்தில் வந்து நின்றாள். நன்றாக வாயைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"ஆமாண்ணே. இப்படித் தலைக்கனம் பிடிச்ச ஆளை நான் பார்த்ததே இல்ல!"