கடைசி வசனம்

கையெழுத்து வாங்க வீட்டுக்கே வந்திருந்த வாசகி, போர் நாவலைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் மட்டும் நன்றாகக் கசங்கியிருந்தது.

“பாலத்துச் சண்டையில குண்டடிபட்ட சிப்பாய் சாகும்போது சொல்றானே, ‘அம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு வலிக்கவே இல்லை’ன்னு. எனக்கு மனப்பாடம்மா.”

எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்தது. “அதை ஏன் கேக்குறீங்கக்கா! அந்த வரி வராம எத்தனை நாள் தவிச்சேன் தெரியுமா? பாத்திரம் தேய்க்கும்போது சட்டுனு தோணுச்சு. ஈரக்கையோட ஓடிப்போய் எழுதினேன்!”

வாசகியின் சிரிப்பு மறைந்தது. “நீங்களா எழுதினதா? அட்டையில ‘உண்மைச் சம்பவம்’னு போட்டிருக்கே?”

“சண்டை உண்மைதான். வசனமெல்லாம் கற்பனை. அப்படிப் போட்டாத்தானே புத்தகம் விக்கும்!”

“கூட இருந்தவங்க யாரோ உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். அந்தப் பாலத்துலதாம்மா என் பையன் செத்தான்.”

எழுத்தாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

வாசகி புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார். “கையெழுத்துப் போடுங்க. அவங்கப்பா வெளியே வண்டிகிட்ட நிக்கிறாரு. இதைப் படிச்ச பிறகுதான் மனுஷன் ஒழுங்கா தூங்குறாரு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா.”