சில்லிட்ட கை

தேயிலை ஃபேக்டரியின் உலை வாசலில் ஒன்பது வருஷம் நின்றதாலோ என்னவோ, சகாயமேரியின் உள்ளங்கை எப்போதும் கொதிக்கும். இப்போது வீட்டிலேயே செய்து விற்கும் சாக்லேட்டைத் தொட்டால் அதில் ரேகை விழுந்துவிடும். அதனால் ஐஸ் தண்ணீரில் கையை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொன்றாக ஜிகினாத் தாளில் சுற்றுவாள். ஒரு ஞானஸ்நான வீட்டுக்கு இருநூறு சாக்லேட் கேட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு ஆள் வந்துவிடும். இது நல்லபடியாகப் போனால் திரும்ப அந்த உலைக்குப் போக வேண்டியதில்லை. சுற்ற இன்னும் நாற்பது கிடந்தது.

பக்கத்தில் பாயில் மகள் ஜெனிட்டா குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். மேரி நெற்றியில் கை வைத்ததும் தட்டிவிட்டாள்.

“இது வேணாம். உன் கைய வையி.”

“இது பின்ன யாரு கைடி?”

“மீன்காரம்மா கை. ஐஸாட்டம் இருக்கு.”

மேரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை. “மாத்திர போட்டாச்சுல்ல, தூங்குடி தங்கம். அம்மா இத முடிச்சிட்டு வந்துர்றேன்.”

பிள்ளைக்குப் பல் தந்தியடிப்பது நிற்கவில்லை. மேரி எழுந்துபோய், அடுப்பிலிருந்த வெந்நீர்ச் சட்டியில் வலது கையை ஒத்திச் சூடாக்கிவந்து கன்னத்துக்கு அடியில் கொடுத்தாள். ஜெனிட்டா அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உறங்கிப்போனாள். இழுத்தால் விழித்துக்கொள்வாள். இடது கையை ஐஸ் தண்ணீரில் முக்கி, முந்தானையில் துடைத்து, தாளின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சுற்றத் தொடங்கினாள் மேரி.

வெளியே ஆட்டோ வந்து நின்றது.

“அக்கா, எல்லாம் ரெடியா?”

குரல் கொடுத்தால் பிள்ளை எழுந்துவிடும். வாயிலிருந்த தாளை எடுக்காமலே அடுத்த சாக்லேட்டுக்குக் கையை நீட்டினாள்.