லேடீஸ் ஃபுட்ரெஸ்ட்

என் கணவர் டெரிக் தன் பழைய பைக்கில் என்னை ஏற்றியதே இல்லை. “ரப்பரெல்லாம் கல்லா இறுகிப்போச்சு ஷெரில். வண்டி உதறும், இடுப்பு போயிடும்” என்பார்.

உண்மைதான். கைப்பிடி, கிக்கர் எல்லாமே நாற்பது வருட ரப்பர், நகம் இறங்காது. லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மட்டும் தொட்டால் அமுங்கியது. அவருடைய முதல் மனைவி ஜொவிட்டா கால் வைத்த இடம் அது. அவள் இறந்து ஒன்பது வருடம். யாரோ இன்னும் கால் வைத்துக்கொண்டிருந்தால்தான் ரப்பர் இப்படி இறுகாமல் இருக்கும்.

“சனிக்கிழமையானா பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு யாரைக் கூட்டிக்கினு போறீங்க?” என்று கேட்டேன்.

“தனியாத்தாம்மா போறேன்.”

அந்த ரப்பரைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். புதிதாக ஒன்றை நானே மாட்டினேன். அடுத்த சனிக்கிழமை, அவர் தடுக்கத் தடுக்க, பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி துளியும் உதறவில்லை. ஃபுட்ரெஸ்டில் கால் வைத்தேன். ரப்பரில் படவில்லை. என் காலுக்கு அடியில், வெதுவெதுப்பாக, இன்னொரு பாதம் இருந்தது. அது எனக்கு இடம்விட்டு நகரவில்லை.